டெஸ்மண்டின் கடைசி எண்

லிங்கராஜபுரம், 1956. மாலை 5.10.

கணிதப் பேராசிரியர் டெஸ்மண்ட் தம் அறையில் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் விஷம் கலந்த காபிக் கோப்பை. கைக்கடியில் ஒரு சீட்டு: '10,01,60,063. பகா எண்தான். சரிபார்த்தேன். மாலை 4.30.'

மகள் மௌரீன் பள்ளிக்கூட டீச்சர். நாலு மணிக்கு வந்து வாசலைத் தாழிட்டவள் அவள்தான். நாலரைக்கு அப்பா உயிரோடு இருந்தாரென்றால், உடன் இருந்தது அவள் ஒருத்தியே. பாவம், வசமாக மாட்டிக்கொண்டாள்!

இன்ஸ்பெக்டர் பெருமாள்சாமி பி.ஏ. கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. எண்ணைக் கண்டாலே முறைப்பார்.

"வந்ததும் அப்பாவைப் பார்த்தியாம்மா?"

"இல்ல சார். கதவு சாத்தியிருந்தா தட்டக்கூடாதும்பார். அஞ்சு மணிக்குத்தான் தெறந்தேன்."

"காபி?"

"நான் போடல சார், சத்தியமா!"

ஏட்டு விலங்கோடு வாசலை மறித்து நின்றார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5.40. டெஸ்மண்டிடம் ஆராய்ச்சி செய்யும் ஸ்ரீகண்டனை அழைத்து வந்து சீட்டைக் காட்டினார்கள்.

"ரெண்டுக்கு வந்தேன், மூணுக்குக் கிளம்பிட்டேன். சார் நல்லாத்தான் இருந்தார். அது என் தீசிஸ் நம்பர். எதாலயும் வகுபடாதுன்னு நிரூபிச்சிருக்கேன். பாருங்க, சாரும் ஒத்துக்கிட்டார்."

பெருமாள்சாமி டெஸ்மண்டின் நோட்டைப் புரட்டினார். தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் நிறைவெண்கள் பக்கம் பக்கமாக இருந்தன: 33,550,336. 8,589,869,056. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 10,008 × 10,008 − 1.

பென்சிலை எடுத்துப் பெருக்கினார். இரண்டு முறை பெருக்கினார்.

"ஸ்ரீகண்டன், சீட்டைப் பார்க்காம அந்த நம்பரை எழுதுங்க."

ஸ்ரீகண்டன் எழுதினார்: 10,01,60,063.

"அட! சீட்டுல இருக்கிற மாதிரியே. டெஸ்மண்ட் மூணு மூணு இலக்கமா, மில்லியன் கணக்குல கமா போடறவர். அவர் எழுதியிருந்தா 100,160,063. லட்சம், கோடின்னு பிரிக்கிறது நீங்க. கையெழுத்தைக் காப்பியடிச்சீங்க, கமாவைக் கோட்டை விட்டீங்க."

"இ... இதெல்லாம் ஒரு சாட்சியா சார்?"

"இன்னொண்ணும் இருக்கு. ஒரு வர்க்கத்துல ஒண்ணு கொறைச்சா ரெண்டா உடையும். 10,007, 10,009. பெருக்கிப் பாருங்க, உங்க நம்பர்தான். பகா எண்ணே இல்ல! ஃபெயிலான எனக்கே தெரியுது. இதைக் கண்டுபிடிச்சு நோட்டுல எழுதின மனுஷன் 'பகா எண்தான், சரிபார்த்தேன்'னு எழுதுவாரா? மூணுக்கு முன்னாடியே விஷம் வச்சிட்டு, நாலரைன்னு எழுதி இந்தப் பொண்ணை மாட்டிவிட்டீங்க."

ஸ்ரீகண்டன் வாசலைப் பார்த்தார். ஏட்டு நகரவில்லை.

"ஆறு வருஷ உழைப்பு சார்... ஒரே வரியில அழிச்சிட்டார்."

விலங்கு அவர் கையில் விழுந்தது.

மௌரீன் அசையவில்லை. "நான் வரும்போதே அப்பா உயிரோட இல்லையா சார்?"

பெருமாள்சாமி ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்பா வேலை செய்றார், சத்தம் கேக்கக்கூடாதுன்னு ஒரு மணி நேரமா செருப்பக் கழட்டிட்டு நடந்தேன் சார்" என்றாள்.