சரிபார்த்தவர்

சிட்னியில், பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு செங்கல் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த இரண்டு அறை வீட்டுக்கு நித்தியானந்தன் குடிவந்தது 1976 மே மாதத்தில். தண்ணீர்ப் பம்புகள் தயாரிக்கும் கம்பனி ஒன்றில் வரைபடம் வரையும் வேலை. வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர் பிளாக்டவுனில் இருந்த அரியரத்தினம். விரல் விட்டு எண்ணக்கூடிய அந்தக் காலத்துச் சிட்னி யாழ்ப்பாணத்தவர்களில் அவர் மூத்தவர்.

"முந்தி அங்க எங்கட ஆள் ஒருத்தர்தான் இருந்தவர், இரத்தினசிங்கம் எண்டு," என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அந்தப் பெயருக்கு இன்னமும் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மனிதர் மெல்பேர்னுக்கோ எங்கோ மாறிப் போயிருப்பார் என்று நினைத்து இவன் அவற்றை ஒரு மூலையில் அடுக்கி வைத்தான்.

அக்கம்பக்கத்தார் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட மாதிரிப் படியேறி இறங்குவார்கள். வெள்ளி மாலை அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் திங்கள் காலை வரை பேச ஆள் கிடையாது. சில ஞாயிறுகளில், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் குசினியில் நின்று இருமிப் பார்ப்பான்.

செப்டம்பரில் கம்பனி அவனை இரண்டு வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஒக்டோபர் கடைசியில், கோபே நகரில். நடுவில் ஒரு ஞாயிறு ஓய்வு. நகரத்தை அடுத்து ஒரு சின்னக் கல்மலை இருப்பதாகப் பயணக் கையேடு சொன்னது. நானூறு மீற்றர்தான், கடைசிப் பாறையில் மட்டும் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். நித்தியானந்தனின் ஊரில் பனைமரத்தை விட உயரமாக எதுவும் கிடையாது. ஏறியே தீர்வது என்று ஆசை பிடித்துக்கொண்டது.

அரியரத்தினம் இங்கே ஒரு மலை நடைக் கழகத்தில் உறுப்பினர். அவருக்குத் தொலைபேசியில் சொன்னான்.

"மலை சின்னனோ பெரிசோ, கதை ஒண்டுதான் தம்பி. எந்த ரெயின், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவீர், எல்லாத்தையும் எழுதி ஒராளிட்டக் குடும். சொன்ன நேரத்துக்கு வராட்டி அந்த ஆள்தான் பொலிசுக்கு போன் அடிக்கவேணும்."

"நீங்களே இருங்கோவன், அண்ணை."

"நான் அந்த மாசம் ஊருக்கெல்லே போறன். வேற ஆரையும் பாரும்."

வேறு யார்? அலுவலக மேலாளருக்கு அவன் குடியிருக்கும் தெருவே தெரியாது. கடைக்காரி மிச்சக் காசோடு ஒரு புன்னகை தருவாள். ஒரு முழுக் கண்டத்தில், தான் திரும்பி வரவில்லை என்று கவனிக்க ஒரு சீவன் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துத் திட்டத்தை வரைந்தான். தொழில் பழக்கம் விடுமா? கம்பனி வரைபடத்தைப் போலவே வலது கீழ் மூலையில் பெட்டி போட்டான். 'வரைந்தவர்' என்ற இடத்தில் தன் பெயர். 'சரிபார்த்தவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. இரண்டாவது ஆள் பார்க்காத வரைபடம் எந்தப் பட்டறைக்கும் போகாது. அந்த வெற்றிடம் அவன் கண்ணை உறுத்தியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சிரித்துக்கொண்டே, 'இரத்தினசிங்கம்' என்று எழுதினான். விலாசத்துக்கு இதே வீட்டைப் போட்டான்.

மறுநாள் மத்தியானம் சலவைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தபோது புளித்த பால் வாடை அடித்தது. கூடவே, சீவிய பென்சில் வாசனை.

மேசையில் தாள் அப்படியே கிடந்தது.

ஒரு வரியைத் தவிர மற்ற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மஞ்சள் பென்சிலில் ஒரு சின்னக் கோடு.

சரியான அளவுக்கு மஞ்சள் கோடு, பிழையான அளவுக்குச் சிவப்பு வட்டம். வரைபடங்களைச் சரிபார்ப்பவர்களின் முறை அது. தூக்கக் கலக்கத்தில் தானே போட்டிருப்பானோ? அவனிடம் மஞ்சள் பென்சில் கிடையாது. தேநீர் வைக்கக் குசினிக்குள் போனான். கேத்தல் கொதிக்கத் தொடங்கியபோது அது கேட்டது.

சர்ர். சர்ர். சர்ர்.

தாளில் பென்சில் உரசும் சத்தம்.

அவன் அசையவில்லை. சத்தம் நின்றது. ஒரு கதிரை மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது.

எட்டிப் பார்த்தபோது மேசையடியில் யாருமில்லை. 'ஐந்து மணி: உச்சியிலிருந்து இறங்குதல்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் ஒன்று இருந்தது. பக்கத்தில் நடுங்கிய கையெழுத்தில் 'இருட்டிவிடும்' என்று எழுதியிருந்தது.

கையேட்டைப் புரட்டினான். கோபேயில் அந்த நாட்களில் ஐந்தேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். ஒக்டோபர் என்றால் நாள் நீளும் என்று சிட்னிக் கணக்கில் எழுதியிருக்கிறான். அங்கே அது இலையுதிர் காலம். அந்தத் திட்டப்படி போயிருந்தால் சங்கிலியில் தொங்கும்போது கும்மிருட்டு.

மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கண்ணும் கலங்கியது. தான் பத்திரமாக இறங்க வேண்டுமென்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அரியரத்தினத்தின் எண்ணைச் சுழற்றினான்.

"அண்ணை, அந்த இரத்தினசிங்கம் இப்ப எங்க இருக்கிறார்?"

அரியரத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் அந்த வீட்டிலதான் செத்தவர், தம்பி. மாரடைப்பு. ஒபிசில லீவெண்டு நினைச்சிட்டினம். நானும் போய்ப் பாக்கேல்லை. வாசலில பதினொரு பால் போத்தல் சேந்த பிறகுதான் பால்காரன் பொலிசுக்குச் சொன்னவன். உம்மிட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"என்ன வேலை செய்தவர்?"

"வரைபடம் செக் பண்ணுறவர். ஏன்?"

நித்தியானந்தன் தொலைபேசியை வைத்தான். சவர அலகால் அந்தப் பெயரைத் தாளிலிருந்து சுரண்டி எடுத்தான். மஞ்சள் கோடுகளையும் சுரண்டினான். உடுப்புகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு மூன்று மணிக்குப் படியிறங்கி ஓடினான். எங்கே போகிறான் என்று எவருக்கும் சொல்லவில்லை. சொல்ல எவர் இருந்தார்கள்?

பிளாக்டவுனில் அரியரத்தினம் அவனைக் கதிரையில் இருத்திக் கதை முழுவதையும் கேட்டார். "பிழை என்னிலதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு நடை போய்ப் பாத்திருக்கலாம். ஒரு நடை."

ஆறு மணியளவில் தொலைபேசி அடித்தது; அரியரத்தினம் எடுத்தார். பேசியது பரமட்டாப் பொலிஸ்.

"நித்தியானந்தன் என்பவர் அங்கே இருக்கிறாரா?"

அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"நல்லது, பத்திரமாக இருக்கிறீர்கள்," என்றது ஓர் இளம் அதிகாரியின் ஆங்கிலக் குரல். "உங்களோடு வீட்டில் இருப்பவர் அறிவித்தார். மூன்று மணிக்கு வெளியே போனவர், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று எழுதி வைக்கவில்லை என்றார். இந்த எண்ணைத் தந்ததும் அவர்தான்."

"என்னோடு யாரும் இல்லை. நான் தனியாக இருக்கிறேன்."

தாள் புரளும் ஓசை.

"இரண்டு தடவை உங்கள் வீட்டுக்குத் திருப்பி அழைத்தேன், ஐயா. இரண்டு தடவையும் முதல் மணியிலேயே எடுத்தார். பாவம், வயதானவர் போலிருக்கிறது. பதினொரு நாள் காத்திருக்க விடக்கூடாது என்று ஏதோ சொன்னார்."

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அரியரத்தினம் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவருக்கு நான் தகவல் சொல்லவேண்டும். எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள்?"

"போகாதையும்," என்று அரியரத்தினம் கிசுகிசுத்தார். "தம்பி, போகாதையும்."

நித்தியானந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"ஏழரைக்கு," என்றான்.