மலர்வு பதினாறு, உதிர்வு பதினாறு

பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். திகனையில் கடை வைத்திருக்கும் தாஸிம் முதலாளி, சோதிலிங்கம் என்ற பொடியனுக்குக் கொடுக்க வேண்டிய காசு அது. அந்தத் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் அவர் குடையை மடக்கினார். பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார். கையிலிருந்த கடதாசியை விரிக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

குண்டசாலை வீட்டு வாசலில் சிவமணி வடிகாலை அடைத்திருந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். மண்வெட்டியை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தான். கண்டி ரயில் நிலையத்தில் இருபது வருஷம் தபால் மூட்டை சுமந்து முதுகு தேய்ந்தவன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே நாற்பது வயதில்தான். வீட்டுக்கார மங்களேஸ்வரி அம்மா அதே தபாலில் கடிதம் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன மணியோடர் எந்தக் கையில் போய் நின்றது என்பதை இருந்த இடத்திலிருந்தே சொல்வார். அந்தப் பேர் இன்னும் ஓயவில்லை. எதையாவது தொலைத்தவர்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தபடிதான் இருந்தார்கள்.

"விரியுங்கோ நானா. கடதாசி கடிக்காது," என்றார் மங்களேஸ்வரி முதலாளியிடம்.

கடதாசி விரிந்தது. சிவமணி எட்டிப் பார்த்தான். மரண அறிவித்தல்! மதிலில் ஒட்டிய மரண அறிவித்தல்கள்தான் அவனுக்கு அரிச்சுவடி. கொட்டை எழுத்து, தெரிந்த சொற்கள். விரல் வைத்து வாசித்தான்.

"திரு. இராசையா சோதிலிங்கம். மலர்வு 16-05-1980. உதிர்வு 16-05-2008. மஹய்யாவயை வசிப்பிடமாகக் கொண்ட... தொடர்புக்குத் தாஸிம்... நாப்பத்தொண்ணுல முடியிற நம்பர்." நிமிர்ந்தான். "அம்மா, இன்னிக்குத்தானே பதினாறு!"

"ஓம். வெள்ளிக்கிழமை. விடிஞ்சு மூண்டு மணித்தியாலம்தான். நானா, முழுக்கச் சொல்லுங்கோ."

தாஸிம் சொன்னார். ஊர்ச் சாவை வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அறிவிக்க ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். அறிவித்தல் ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபாய். சாவு, முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று வரிசையாகப் போடுவார்கள். அதைக் கட்டிக் கொடுத்தவன் சோதிலிங்கம். ஜனவரியில் மூன்று மென்பொருளைக் கடைக் கொம்பியூட்டரில் ஏற்றி, மாற்றி மாற்றிச் சோதித்து, ஒன்றைத் தெரிந்தெடுத்தான்.

"மூணும் சும்மா கெடைக்கிற சாமான் மிஸ். யாரும் எடுக்கலாம், யாரும் மாத்தலாம், காசில்லயாம். அப்ப எனக்கு என்னத்துக்குப் பில் போடுறாய் எண்டு நான் கேட்டேன். அதான் காசு இழுபட்டுச்சி."

"சும்மா கிடைக்கிற மண்ணில வீடு கட்டினா மேசனுக்குக் கூலி இல்லீங்களா முதலாளி?" என்றான் சிவமணி வாசலிலிருந்து.

தாஸிம் அவனைப் பார்க்கவில்லை. "பெப்ரவரியிலயிருந்து கட மேல் ரூம்லதான் படுத்தான். போன வியாழன், நான் சுபஹு தொழப் போன நேரம் பாத்து, சொல்லாம கொள்ளாமப் போயிட்டான். எட்டு நாள். எங்க எண்டு தெரியாது. பாவம், வேல செய்யிறான் எண்டு காட்ட ஒரு கடிதம் கூடக் கையில இல்லாத புள்ள. இண்டைக்கு விடியக் காலம ஆறு இருபதுக்குச் சைட்டத் தொறந்தேன். ஒண்டுமில்ல. டீ ஒரு மொடறு குடிச்சிட்டுத் திருப்பித் தொறந்தேன். அவன்ட மொகம் என்னையே பாத்துக்கொண்டு ஈக்கிது. கீழ, எழுதியவர் தாஸிம் எண்டு போட்டீக்கிது. அல்லாஹ்வுக்குத் தெரியும், நான் எழுதல்ல!"

மழை ஓட்டில் சடசடத்தது.

"அவன்ட உம்மா வவுனியாவிலயிருந்து கோல் எடுத்துக் கத்துறா மிஸ். காசு குடுக்க இருந்தவன் நான், அறிவித்தல் என்ட பேர்ல. பொலிஸ் வந்தா நான் என்ன சொல்ல?"

"வாங்கோ, போய்ப் பாப்பம்," என்று மங்களேஸ்வரி எழும்பினார்.

ஆட்டோ திகனைக்குப் போய்ச் சேருமுன் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். யுத்த காலம். மங்களேஸ்வரியின் அட்டையில் வடக்கிலுள்ள பிறந்த ஊரைப் பார்த்த சிப்பாய் அதை இரண்டு பக்கமும் புரட்டினான். சிவமணி மனசுக்குள் முதலாளிக்கு விலங்கு மாட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். கடை வாசலில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் பெயர்ப் பலகையை ஓரெழுத்து விடாமல் வாசித்தான். தொலைபேசி எண்ணையும்தான்.

"அம்மா, இதில எம்பத்தாறுலதானே முடியுது?"

"மார்ச்ல மாத்தின லைன்," என்றாள் உள்ளேயிருந்து வந்த றமீஸா, தாஸிமின் மகள். மங்களேஸ்வரி தலையை மட்டும் அசைத்தார்.

மேல் அறையில் மின்சாரம் வந்து வந்து போனது. சோதிலிங்கத்தின் நீலச் சட்டை கதிரை முதுகில் தொங்கியது. யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கொம்பியூட்டர் திரையில் அவன் முகம் ஒளிர்ந்தது. லைட் அணையும்போதெல்லாம் அந்த முகம் மட்டும் அறையில் நின்றது. அடியில் வைத்திருந்த பெட்டரி அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

மேசையில் ஒரு கொப்பி, மூன்று மென்பொருளையும் பற்றிச் சோதிலிங்கம் எழுதிய குறிப்புகளோடு. "வாசி சிவமணி," என்றார் மங்களேஸ்வரி.

"ட்ரூபல்... பெரிய இடத்துக்கு நல்லது. ஜூம்லா... நல்லது, நானாவுக்கு அறைகள் அதிகம். வேர்ட்பிரஸ்... நானா தானே போடுவார். ஆள் வந்து சைட்டைத் திறந்தால்தான்... நாட்காட்டி பார்க்கும். இன்று எழுதி வைத்தால்... சொன்ன திகதியில்... தானாக வெளிவரும்." அவன் குரல் இறங்கியது. "கடைசி வரிக்குக் கீழ கோடு போட்டிருக்கான்மா."

"றமீஸா, சோதிச்சுப் பாத்த மற்ற இரண்டும் இன்னும் கிடக்கோ? திற பிள்ளை."

அவள் திறந்தாள். முதலாவதில் அதே முகம், அதே மலர்வு, அதே உதிர்வு. இரண்டாவதிலும் அதேதான். "யா அல்லாஹ்!" என்று தாஸிம் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரே கொம்பியூட்டருக்குள் பொடியன் மூன்று இடத்தில் செத்துக் கிடந்தான்.

மங்களேஸ்வரி மட்டும் ஆறுதலாகக் கதிரையில் அமர்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ. கடிதத்தில எழுதின நாள் வேற, சேர்ற நாள் வேற. இது ஜனவரியில எழுதினது. மார்ச்சில செத்துப்போன லைன் நம்பரை இண்டைக்கு ஆர் போடுவினம்? பெப்ரவரியிலயிருந்து இஞ்ச படுத்தவனுக்கு ஏன் மஹய்யாவ விலாசம்? பிறப்பையும் இறப்பையும் பாருங்கோ. வருஷம் மட்டும்தான் மாறியிருக்கு. கொலைகாரன் எழுதேல்லை, தட்டச்சுச் சோம்பேறி எழுதியிருக்கிறான். தன்ர பிறந்தநாளையே திகதியா வைச்சிருக்கிறான், ஞாபகம் நிக்கட்டும் எண்டு."

"அப்ப அவனேவா?" என்றான் சிவமணி. "யாராவது தனக்குத் தானே எழுதுவாங்களா?"

"மூண்டையும் சோதிக்க மாதிரிக்கு ஒரு அறிவித்தல் வேணும். அதுக்கு ஒரு பேர் வேணும். பிள்ளை, உன்னட்டக் கேட்டவனோ?"

றமீஸா தலை குனிந்தாள். "கேட்டார் மிஸ். உசிரோட ஈக்கிறவங்கட பேர மவுத்து நோட்டீஸ்ல போடவாண்டு வாப்பா ஏசினாங்க. வாப்பாட பேரையும் தரல்ல."

"ஒருத்தரும் குடுக்கமாட்டினம். பிறகு மிஞ்சினது ஆர்? அவன் மட்டும்தான். தெரிஞ்செடுத்ததை அப்பிடியே வெளிச் சைட்டுக்குத் தூக்கி வைக்கேக்க மாதிரியும் கூடப் போயிட்டுது. முதல் கணக்குத் திறந்தது முதலாளி பேரில, அதால எழுதினவர் தாஸிம்."

"ரெண்டாந் தரம் தொறக்கிறப்ப வந்திச்சே?" என்றான் சிவமணி.

"கதவைத் தட்டினாத்தான் இது நாட்காட்டி பாக்குமாம், கொப்பியிலயே கிடக்கு. இண்டைக்கு முதல் தட்டினது நானா. தட்டினதில முழிச்சுது, திருப்பிப் பாக்கேக்க வெளியில நிண்டுது."

தாஸிம் பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் தப்பினேன்."

"இல்லை." மங்களேஸ்வரியின் குரல் உயரவில்லை. "அறிவித்தல் பொய். எட்டு நாள் உண்மை. நீங்கள் பள்ளியில நிக்கேக்க சொல்லாமப் போனவன்ர கையில கடிதம் இல்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் நானா?"

தாஸிம் குடையை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"அந்தக் கடிதத்தை ஆரோ உங்களிட்டக் கேட்டிருக்கினம். எங்கயிருந்து கோல் வந்தது?"

தாஸிம் சுவரில் சாய்ந்தார். "கொழும்பு... ஒரு பொலிஸ்ல இருந்து. தமிழ்ப் பொடியன் ஒருத்தனைப் புடிச்சீக்கிம், கையில வேலக் கடிதம் ஒண்டுமில்ல, ஒங்கட ஆளா எண்டு கேட்டான். எனக்குப் பயம். காசுக் கணக்கும் ஈக்கி... தெரியாது எண்டுட்டேன்."

"வாப்பா!" என்றாள் றமீஸா.

சிவமணி மனசுக்குள் மாட்டிய விலங்கைக் கழற்றிவிட்டான். விலங்கை விடக் கனமான ஒன்று முதலாளியின் தோளில் ஏறியிருப்பது தெரிந்தது.

மங்களேஸ்வரி வெளிவந்த அறிவித்தலை மறைக்கச் சொன்னார், தாய்க்குக் கோல் எடுத்தார். றமீஸா திரையை உருட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள். "மிஸ், இன்னொண்டு காத்துக்கொண்டு ஈக்கிது. முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. ஜூன் பதினஞ்சு."

"அழி, அழி!" என்று தாஸிம் பாய்ந்தார்.

"தொடாதேங்கோ. அவன் வந்து தன்ர கையால அழிக்கட்டும். ஜூன் பதினஞ்சுக்குள்ள வரவேணும். வராட்டில் அது தானா வெளிவரும், எழுதினவர் தாஸிம் எண்டு."

ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு தாஸிம் கொழும்புக்கு வான் பிடித்தார். மடியில் சோதிலிங்கத்தின் பெயரில் நியமனக் கடிதம் இருந்தது, கடை முத்திரையோடு.

மூன்றாம் நாள் வெசாக். மழையில் நனைந்த காகித விளக்குக் கூடுகள் ரோட்டு நெடுக மங்கலாக எரிந்துகொண்டிருந்தபோது வான் திரும்பி வந்தது. சோதிலிங்கம் படியேற இரண்டு தரம் நின்றான். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொம்பியூட்டர் முன் உட்கார்ந்து, தன் முப்பத்தோராம் நாளை ஒரு தரம் வாசித்தான். பிறகு அழித்தான்.

தாஸிம் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பதையும் எண்ணி மேசையில் வைத்தார். சோதிலிங்கம் திரும்ப எண்ணினான். விரல்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன. எழுநூற்றைம்பதைப் பிரித்து முதலாளி பக்கம் தள்ளினான்.

"என்னடா இது?"

"மரண அறிவித்தல் ஒண்டுக்கு எழுநூற்றைம்பது. என்ரதும் வெளியில வந்ததுதானே நானா. முப்பத்தோராம் நாளுக்குக் காசில்லை, அது வெளியில வரேல்லை."

தாஸிமின் கை மேசைக்கு வரவே இல்லை. சோதிலிங்கம் கொப்பியை இழுத்து ஒரு வரி எழுதினான். சிவமணி தோளுக்கு மேலால் எட்டி, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தான்.

"கணக்கு... முடிந்தது."