ஓடாத கடிகாரத்தின் சூடு

அந்தக் கடிகாரம் சூடாக இருந்தது.

அடுப்போரம் வைத்த பாத்திரத்தின் சூடு இல்லை. வெயில் குடித்த ஜன்னல் கம்பியின் சூடும் இல்லை. பஸ்ஸில் யாரோ எழுந்துபோன சீட்டில் உடனே போய் உட்கார்ந்தால் தொடையில் படுமே, அந்தச் சூடு. இவ்வளவு நேரம் ஓர் ஆளின் சட்டைப்பைக்குள் கிடந்து, இப்போதுதான் எடுத்து வைத்த மாதிரி.

அனு அதை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிப் பார்த்தாள். பெட்டியில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எல்லாம் சில்லென்று இருந்தன. பட்டுக்கடையில் புடவை வைத்துத் தரும் அட்டைப்பெட்டி. ஒவ்வொரு கடிகாரத்தையும் ஒரு பட்டுத்துண்டில் சுற்றி அப்பா அதற்குள் படுக்க வைத்திருந்தார். பகல் முழுக்கப் பெட்டி பீரோவுக்குள்தான் இருந்தது. யாரும் அதைத் திறக்கவும் இல்லை.

"அப்பா, இந்தப் புதுசு சூடா இருக்குதுப்பா."

சிவபாலன் தட்டுக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். ரசம் சோற்றில் கை வைத்தபடியே, முதுகு நேராக, வாய் லேசாகத் திறந்திருக்க, கோயில் யானை நின்றுகொண்டே தூங்குவது போல.

"அப்பா!"

"ம்? இன்னாமா... சூடா இருக்குதா? ஊதி ஊதி சாப்புடு."

"ஐயோ, நான் வாட்ச்ச சொல்றேன்."

"ஓடாத வாட்ச் எப்படிமா சூடாவும்? உன் கைதான் சூடா இருக்கும். ஜுரம் கிரம் வருதா பாரு." சொல்லிவிட்டு ஒரு வாய் எடுத்தார். மென்று விழுங்க மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சிவபாலனுக்கும் ரயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. ஆனால் அமெரிக்க ரயில்காரர்கள் அந்தக் காலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்த கடிகாரம் என்றால் உயிரை விடுவார். ஒஹையோவில் இருக்கும் மச்சான் இளவரசன் அங்கே பழைய சாமான் விற்கும் சந்தைகளில் அலைந்து வாங்கி, ஊருக்கு வரும்போது சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவருவார். வால்தம் கம்பெனியுடையது ஒன்று, எல்ஜின் கம்பெனியுடையது இரண்டு, பெயர் தெரியாதவை சில. நிமிர்த்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும், பனியிலும் அனலிலும், நாளெல்லாம் குலுங்கும் இன்ஜினிலும் நேரம் தப்பாத ஜாதி என்று வீட்டுக்கு வருகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார். அம்மா காவேரிக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

"ஊருல அவனவன் மனை வாங்கிப் போடுறான். இவரு செத்தவன் பாக்கெட்டுல இருந்தத வாங்கிப் போடுறாரு."

புதிதாக வந்தது ஓடவில்லை. வெள்ளைப் பீங்கான் முகத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். எந்த ஊர்க் கடிகாரம் என்று எழுதியிருந்த இடம் விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது. இந்தக் கடிகாரங்களில் சாவிக் குமிழை இழுத்து நேரத்தை மாற்ற முடியாது. முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி, ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்ன லீவரை நகத்தால் வெளியே இழுத்தால்தான் முள் அசையும். ஓடும் வண்டியில் கை தவறி நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இதன் கண்ணாடியோ துருவேறி இறுகிக் கிடந்தது. ரப்பர் கிளவுஸ் போட்டுத் திருகியும் அசையவில்லை. "இவரு ரிட்டயர் ஆயிட்டாருமா. தூங்கட்டும்" என்று அப்பா விட்டுவிட்டார். அப்பாவால்தான் தூங்க முடியவில்லையே என்று அனுவுக்கு அப்போது தோன்றியது.

அப்பாவின் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை. மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். அது முடிந்த கையோடு பகலிலும் பாதி நாள் நிறுத்திக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு முகூர்த்தக் காலம். பட்டுக்கடையில் நின்று நின்று கால் வீங்கி, வீட்டுக்கு வரும்போது பத்தரை ஆகிவிடும். அனுவுக்குப் பிளஸ் டூ. மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒருவரையொருவர் கடந்து போனார்கள். போன வாரம் அப்பா மெஷின் பக்கத்தில் நின்றபடி தூங்கிவிட்டார். கூட வேலை செய்யும் பழனிதான் சட்டையைப் பிடித்து இழுத்தாராம். அதைக் கேட்டதிலிருந்து, அப்பா கிளம்பிப்போனால் திரும்பி வரும் வரைக்கும் அனுவுக்குப் பயம்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ரயில் கிளம்பும் முன் டிரைவரும் கார்டும் தங்கள் கடிகாரங்களை அருகருகே பிடித்து ஒத்துப்பார்ப்பார்களாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி நகரும். சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த விளையாட்டு. ஒவ்வொரு நைட் ஷிஃப்டுக்கும் வாசற்படியில் இருவரும் ஆளுக்கொரு கடிகாரத்தோடு நிற்பார்கள்.

"கார்டம்மா, டைம் சொல்லு."

அவள் சொல்வாள்.

"ஒத்துப்போச்சு. வண்டிய எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

அவள் 'எடுக்கலாம்' சொல்லி அனுப்பிய எந்த ராத்திரியிலும் அப்பா வராமல் இருந்ததில்லை.

இன்று அவர் கையைக் கழுவிக்கொண்டு, பையை மாட்டி, செருப்பைத் தேடி, நேராகக் கேட்டுக்குப் போனார்.

"அப்பா, ஒத்துப்பாக்கலியா?"

"நாளைக்குமா. கண்ணே தெரியல."

கேட் வழக்கம் போல் கிறீச்சென்று அழுதது. தெருவிளக்கின் கீழே அவர் நிழல் நீண்டு, சுருங்கி, கம்பெனி பஸ் வரும் மெயின் ரோடு பக்கம் திரும்பியது. கூப்பிட்டிருக்கலாம். அவளுக்கும் அலுப்பாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிசிக்ஸ் புத்தகத்தை விரித்துவைத்து ஹாலில் உட்கார்ந்தாள். செவிலிமேட்டின் அந்தக் கடைசித் தெருவில் பாதி மனைகள் இன்னும் காலி. பாலாற்றுப் பக்கமிருந்து வரும் காற்று முட்செடிகளில் உரசி, காலி மனைகளில் பறக்கும் பிளாஸ்டிக் பைகளைப் படபடக்க வைத்து, ஜன்னல் இடுக்கு வழியாக மணல் வாசனையோடு உள்ளே வந்து காலடியில் சுருண்டு படுக்கும். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கடக்கென்றது. பக்கத்து வீட்டில் சீரியல் முடிந்து டிவியை அணைத்தார்கள். அதன் பிறகுதான் அந்த இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. சன்னமான, அவசரமே இல்லாத, ஒரே சீரான டிக் டிக்.

பக்கத்தில் திறந்து கிடந்த பெட்டியில் ஏதோ ஒன்று ஓடுகிறது, அப்பா சாவி கொடுத்திருப்பார் என்று நினைத்தாள். கண் சொருகியது. வாசனை மாறியது. கரி வாசனை. இஸ்திரி வண்டிக்காரர் தண்ணீர் தெளித்து அணைப்பாரே, அந்த ஈரக் கரி. அதோடு மெஷின் எண்ணெய். அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும் எண்ணெய்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கார்டம்மா. டைம் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒத்துப்பார்க்காமல் போனது மனசு கேட்காமல் திரும்பி வந்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் டியூப்லைட்டும் அவள் முகமும்தான் தெரிந்தன. எழுந்து கதவைத் திறக்க உடம்பு வரவில்லை. கைக்குப் பட்ட கடிகாரத்தை எடுத்துப் பார்த்து உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"ஒன்பது அம்பத்திரெண்டு."

வெளியே ஏதோ மூடி திறந்து மூடும் 'டக்'.

"ஒத்துப்போச்சு. வண்டிய எடுக்கலாமா?"

"எடுக்கலாம்பா. பஸ்ஸ உட்றப் போறீங்க, ஓடுங்க."

காலடிகள் விலகின. ஜல்லியில் நடக்கும் சத்தம். கனமான பூட்ஸ்.

அப்பா செருப்பு போட்டுக்கொண்டு போனார்.

அனு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட் சத்தம் கேட்கவில்லை. வரும்போதும் கேட்கவில்லை. அவர்கள் தெருவில் ஜல்லியும் கிடையாது.

கையைப் பார்த்தாள். முகத்தில் முடி மாதிரி விரிசல். அடியில் இருந்த குட்டி வட்டத்தில் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாமா, தூங்கலியா?"

"அப்பா, இப்ப நீங்க வீட்டாண்ட வந்தீங்களா?"

"நான் எங்கமா வந்தேன்? பஸ்ல இருக்கேன். ஏறி எவ்ளோ நேரமாச்சு, எதுக்கோ காத்துக்கினு நின்னுக்கினே இருந்திச்சு. இப்பத்தான் எடுத்தான்."

"இப்பன்னா?"

"இப்பத்தாண்டா. நீ போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி." ஒரு நீளக் கொட்டாவி. "நல்ல வண்டியா உட்ருக்காங்க இன்னிக்கி. மெத்து மெத்துனு சீட்டு."

அவர் குரலுக்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது. தடக் தடக். தடக் தடக்.

"பழனி மாமா கிட்ட குடுங்க."

"பழனியா... காணோமே. எல்லாம் தூங்கறாங்கமா. ஒருத்தன் மூஞ்சி கூடத் தெரிஞ்ச மூஞ்சியா இல்ல."

காதுக்குள் இன்னொரு அழைப்பு பீப் அடித்தது. திரையில் 'பழனி மாமா'. அப்பாவை ஹோல்டில் போட்டு அதை எடுத்தாள்.

"இன்னா அனு, உங்கப்பன் எங்க? குறட்டை உட்டுக்கினு இருக்கானா? மூஞ்சில ரெண்டு சொம்பு தண்ணிய ஊத்தி அனுப்பு. பஸ்ல எல்லாரும் என்னைத் திட்டுறானுங்க."

"மாமா... அப்பா பஸ்ல இருக்காரே."

"எந்த பஸ்ல? இது இப்பத்தான் வந்திச்சு. நாங்கெல்லாம் ஜங்ஷன்லயே நிக்கறோம். அவன் வரவேயில்லமா."

பழனி "ஹலோ, ஹலோ" என்றார். அவள் ஹோல்டில் இருந்த அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, இறங்குங்க."

"இன்னாமா?"

"இறங்குங்கப்பா! அது கம்பெனி பஸ் இல்ல! டிரைவரக் கூப்புடுங்க, கத்துங்க!"

"டிரைவரு..." நீண்ட நேரம் தடக் தடக் மட்டும். "முன்னால யாரும் தெரியலமா. ஒரு விளக்கு மட்டும் ஆடுது. அனு, ரொம்ப டயர்டா இருக்குதுடா. கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்."

"மூடாதீங்க! அப்பா! பேசிக்கினே இருங்க!"

ஒத்துப்போனதால் கிளம்பியது. அவள் சொன்னதால் கிளம்பியது. ஒத்துப்போகக் கூடாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கடிகாரத்தின் கண்ணாடியைப் பிடித்துத் திருகினாள். அப்பாவின் பலத்துக்கு அசையாத கண்ணாடி. பாட்டில் மூடி போல வந்துவிட்டது. ஓரத்தில் லீவர். நகம் பட்டதும் தானாகவே நீண்டது. சாவிக் குமிழைப் பின்னால் திருப்பினாள். முள் பின்னால் போனது. ஐந்து நிமிஷம். பத்து. அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் வரைக்கும்.

போனில் தடக் தடக் நின்றது.

ஃபேன் நின்றது. காற்று நின்றது.

"அப்பா?"

"வண்டி நின்னுடுச்சுமா." பிறகு, "பின்னால போவுது."

தடக்.

தடக் தடக்.

இப்போது அது போனில் மட்டும் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெட்டிக்குள் கடிகாரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"வந்துக்கினே இருக்கேன்மா" என்றது போன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வெறுங்கால். கேட்டைத் தள்ளினாள். தெருவிளக்கு எரியவில்லை. ஆனால் தெருவில் வெளிச்சம் இருந்தது.

ஜன்னல்கள்.

இருட்டில் வரிசையாக, மஞ்சளாக, பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த ஜன்னல்கள். அவற்றைத் தாங்கிய எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை கண்ணாடியில் சாய்ந்து தூங்கியது. தொப்பி போட்டவர்கள். கரி அப்பிய முகங்கள். நம்ம ஊர் முகங்களும்.

"அப்பா! இங்க! அப்பா!"

அவர் ஜன்னல் வந்தது. நெற்றி கண்ணாடியில். வாய் லேசாகத் திறந்து. மாதம் முழுக்கக் கிடைக்காத தூக்கம். இரண்டு கைகளும் மடியில், மல்லாந்து, வெறுமையாக. போன் சட்டைப்பையில் இருந்தது. அதன் திரை அணைந்திருந்தது.

அனு கூடவே ஓடினாள். கண்ணாடியை அறைந்தாள். அவர் கண் திறக்கவில்லை. ஜன்னல் அவள் கையைத் தாண்டிப் போயிற்று.

காதோடு ஒட்டியிருந்த போனில் அப்பாவின் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அலுப்பாக. பிரியமாக.

"சாப்ட்டியாமா?"

அடுத்த ஜன்னல். அதற்கடுத்த ஜன்னல். அப்பாவின் உதடுகள் மட்டும்தான் அசையாமல் இருந்தன. மற்ற எல்லா ஜன்னல்களிலும், கண்கள் மூடியபடியே, எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின.

"அம்மா வந்துட்டாங்களா?"

அவள் போனை வைக்கவில்லை. வைத்தால் அப்பா என்று எதுவும் மிச்சமிருக்காது.

"இன்னும் வரலப்பா" என்றாள்.

ஜன்னல்கள் போய்க்கொண்டே இருந்தன.