புகைபோக்கி விடாத மூச்சு

மாலை மங்கும் நேரத்தில் அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். புகைபோக்கியின் வாயில் வெள்ளை ஆவி இல்லை.

குளிர்காலத்தில் அந்தக் கார் கழுவும் நிலையத்தின் தலைக்கு மேல் ஓர் ஆவித்தூண் எழுந்து நிற்கும். எரிவாயு பாய்லரில் தீ பற்றினால் எழும். தீ அணைந்தால் அறுந்துபோகும். கொட்டகையில் நின்று வண்டிகளைத் துடைக்கும் அவளுக்கு, பாய்லர் அறையில் வேலை செய்யும் கணவன் அனுப்பும் சேதி அது ஒன்றுதான். இன்றோ பாய்லர் உறுமுகிறது, குழாயில் வெந்நீர் பாய்கிறது, தரையெங்கும் சோப்பு நுரை வெதுவெதுப்பாக வழிந்தோடுகிறது. ஆவியை மட்டும் காணவில்லை.

எரிகிற தீயின் மூச்சு எங்கே போகிறது?

நேற்றுத்தான் புகைபோக்கிக்குள் ஒரு தகட்டைச் செருகச் சொன்னார் முதலாளி.

"பாதிச் சூடு மேலதான் போகுது. ஆகாயம் குளிர் காயவா நான் பாய்லர் வெச்சிருக்கேன்?"

"அதுவும் மூச்சு விடணும்ல முதலாளி, இல்லைன்னா விஷக்காத்து அறைக்குள்ளயே தங்கிடும்," என்றான் பாய்லர்காரனான அவள் கணவன்.

"உனக்கு மூச்சு முட்டலைல்ல? தகட்டைப் போடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தகட்டைச் செருகினான். முதலாளியின் கேலியும் கட்டளையே; கூலிக்காரன் அதற்கும் பணிந்தாக வேண்டும்.

பாய்லர் அறைச் சுவரின் அடியில், வெளிக்காற்று நுழைவதற்கென்று ஒரு கம்பிச் சாளரம் உண்டு. துடைத்த துணிகளை அதன்மேல்தான் உலர்த்துவார்கள். வண்டிகள் நிற்கக் கொட்டகை உண்டு. வண்டி துடைக்கும் துணிக்கு ஒரு கொடி கட்ட இடமில்லை. இன்று ஈரத்துணிகள் குவிந்துவிட்டன. மத்தியானம் அவளே அவற்றை அடுக்கடுக்காய் விரித்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த நினைவு வந்ததும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் பாய்லர் அறைப் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? வண்டி வரிசையா நிக்குது பாரு," என்று முதலாளி மறித்தார்.

"மேல புகையே வரலைங்க ஐயா. உள்ள அவரு தனியா..."

"வரலைன்னா நல்லதுதானே! சூடு உள்ளயே நிக்குதுன்னு அர்த்தம். இந்த வண்டிய முடிச்சிட்டுப் போய் உன் புருஷனைக் கொஞ்சு."

அவள் குனிந்து துடைத்தாள். வெடித்த விரல்கள் எரிந்தன. பளபளத்த கதவில் தன் முகத்தைக் கண்டாள். அதன் பின்னால் வெறுமையாய் நின்ற புகைபோக்கியையும் கண்டாள். யாருடைய வண்டிக்காகவோ தன் கணவனைக் காக்கவைத்துவிட்டு, கடைசிச் சக்கரம் வரை துடைத்துத் தீர்த்தாள்.

பிறகு ஓடினாள்.

நடைவழியில் புகை நாற்றமே இல்லை. ஈரத்துணியின் புழுங்கல் வாடை மட்டும் கனத்துத் தொங்கியது. நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. கதவுக்கு அப்பால் தீ பற்றும் சத்தம் கேட்டது; அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட பெருமூச்சு. தீ அடங்கியது. பெருமூச்சும் அடங்கியது.

"என்னங்க... என்னங்க, தூங்கிட்டீங்களா?"

கதவைத் தள்ளினாள். பாய்லரின் கண்ணாடித் துளைக்குள் எப்போதும் அணையாத சிறு சுடர். நீலமாய் எரிய வேண்டியது. காற்றுப் போதாமல் மஞ்சளாய் எரிந்தது.

சாளரத்தில் அவள் விரித்த துணிகள். கம்பியோடு கம்பியாய் ஒட்டியிருந்தன. பிய்த்து எறிந்தாள். குளிர்ந்த காற்று காலை வருடியது.

அவன் நாற்காலியில் அமர்ந்திருந்தான். கன்னங்கள் சிவந்திருந்தன. கல்யாணத்தன்றுகூட அவனை அவ்வளவு செழிப்பாய் அவள் கண்டதில்லை.

கையைத் தொட்டாள். விறைத்திருந்தது. மார்பில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

பாய்லர் தானாகவே மீண்டும் பற்றியது.

அவன் வாய் திறந்தது. உள்ளிருந்து ஆவி எழுந்தது. வெள்ளையாய். தடித்ததாய். கூரைமேல் நிற்க வேண்டிய அதே தூண்.

தீ அடங்கியது. தூண் அறுந்தது. வாய் மூடியது.

மீண்டும் தீ. மீண்டும் அந்த மூச்சு.

சிவப்பு விசை அவள் கைக்கெட்டும் தூரத்தில். அழுத்தினால் தீ நிற்கும். தீ நின்றால் இந்த மூச்சு?

விசைமேல் விரல் வைத்தாள்.

கொட்டகையிலிருந்து முதலாளியின் மகிழ்ந்த குரல் வந்தது. "யப்பா, என்னமா சூடு! இப்படியே விடுப்பா, அணைச்சிடாத!"

ஆவித்தூணுக்கு அடியில், அவன் கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி அவள் விரலைப் பார்த்தன.