செத்துப்போன மூன்று கறுப்புக் காய்கள்

பல் மருத்துவர் தன் ஓய்வறை நாற்காலியிலேயே செத்துக்கிடந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு முதலில் பார்த்தவர் அவருடைய தம்பி. அவரும் பல் மருத்துவர்தான். மேலே வீடு, கீழே கிளினிக், இரண்டுக்கும் நடுவே படிக்கட்டை ஒட்டி அந்த ஓய்வறை. மேசைமேல் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்றில் விஷம். கோப்பைகளுக்கு நடுவில் ஒரு கோ பலகை.

கோ இருவர் ஆடும் ஆட்டம். ஒருவருக்குக் கறுப்புக் காய், மற்றவருக்கு வெள்ளை. சதுரங்கத்தைப்போல ராஜா, குதிரை என்று எதுவும் கிடையாது. கட்டத்துக்குள் வைக்காமல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் காயை வைக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்த போலீஸாருக்கு இவ்வளவுதான் தெரியும். அதையும் தம்பிதான் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு ஸ்டேஷனில் ‘ஊசி’ என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. அவர் சிரித்தால் யாருக்கோ கெட்ட காலம் என்பார், கூடவே அலையும் ஏட்டு.

ஊசி பலகைமேல் குனிந்தார். நட்டநடுவில் மூன்று கறுப்புக் காய்கள், வரிசையாக. அவற்றின் தலைக்கு மேல் மூன்று வெள்ளை. வரிசையின் வலக்கோடியில் இன்னொரு வெள்ளை. இடப்பக்கமும் கீழேயும் வெறும் கோடுகள். பலகையில் வேறு காயே இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினார்.

“உங்களுக்கு இது ஆடத் தெரியுமா?”

“சின்ன வயசுல அண்ணன்கூட ஆடியிருக்கேன். அப்புறம் அவருக்கு ஜோடி அண்ணி மட்டும்தான். மத்தியானம் கிளினிக் மூடினதும் ரெண்டு பேரும் உட்காருவாங்க. அந்த நேரத்துல வேற யாரையும் உள்ள விடமாட்டார்.”

“நேத்து எதிர்ல உட்கார்ந்தது யாரு?”

“நான் எதுக்குங்க சொல்லணும்? பலகையே சொல்லுதே. அண்ணன் எப்பவும் கறுப்பு. மூணு கறுப்பும் செத்துப்போச்சு, பாருங்க. அண்ணி சுத்தி அடைச்சுட்டாங்க. ஆட்டத்துலயும் சரி...”

அவர் முடிக்கவில்லை. அறையிலிருந்த எல்லோரும் அதைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

கிளினிக் உதவியாளர் பெண் வாயைத் திறக்கவே யோசித்தாள். “பெரிய டாக்டரைப் பத்தி நல்லதா சொல்லணும்னா நான் ரொம்ப யோசிக்கணும் மேடம். எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுவார். மேல வீட்டுல நடக்கற சண்டை கீழ நோயாளிக்கெல்லாம் கேக்கும்.”

“தம்பிகூட?”

“சின்ன டாக்டர் போன மாசம் ஒரு புள்ளைக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டார். அன்னிக்கே அத்தனை பேர் முன்னாடி, இனிமே நீ எவன் வாயிலயும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். அதுலேர்ந்து சின்ன டாக்டர் கருவியைக் கழுவிக்கிட்டு இருக்கார்.”

“விஷம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“மருந்து அலமாரியிலேர்ந்துதான். சாவி ஆணியில தொங்கும். இந்த வீட்டுல யார் வேணா எடுக்கலாம்.”

மாடியில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை.

“நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?”

“இங்கதான்.”

“ஆட்டம்?”

“காலையில சண்டை. நான் கீழ இறங்கலை. தலைவலி, படுத்துட்டேன்.”

“சாட்சி?”

“தலைவலிக்குச் சாட்சி வெச்சுக்கிட்டா படுப்பாங்க?”

ஊசி போனிலிருந்த படத்தை நீட்டினார். அந்த அம்மாள் அப்போதுதான் பலகையைப் பார்த்தார். அறையைப் பூட்டி முத்திரை வைத்திருந்ததால் அவரை யாரும் கீழே விட்டிருக்கவில்லை. பார்த்துவிட்டு மூக்கால் சிரித்தார்.

“என்ன சிரிப்பு?”

“நான் சொன்னா நம்புவீங்களா? கொலைகாரி தப்பிக்கப் பேசறான்னுதானே எழுதிக்குவீங்க. ஒரு புஸ்தகம் வாங்கிப் படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

ஏட்டு ஒரு அடி முன்னால் வந்தார். “யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசும்மா.”

“தெரிஞ்சுதான் பேசறேன். சாயந்தரம் என்னை உள்ள தள்ளப் போறீங்க, இனிமே என்ன பயம்? என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து சுற்றுலா போயிருக்கா. அப்பா போனது அவளுக்கு இன்னும் தெரியாது. சாயந்தரம் பஸ் வந்து தெருமுனையில நிக்கும். அங்க அவளைக் கூட்டிட்டுப் போக என் கொழுந்தன் நிக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

கொழுந்தன்தான் நிற்கப் போகிறார் என்று மேலதிகாரி ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். அப்பா இல்லை, அம்மா சிறையில் என்றால் பெண்ணுக்குச் சித்தப்பா வீடுதானே. ஊசி வாசலுக்கு வருவதற்குள் மேலதிகாரியின் போன் வந்துவிட்டது.

“சாயந்தரத்துக்குள்ள அந்தம்மாவைக் கைது பண்ணுங்க. இன்னும் என்ன ஆராய்ச்சி?”

“ஒரு புத்தகம் வாங்கணும் சார்.”

மறுமுனை திட்டியதை ஏட்டு கேட்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புத்தகக் கடைக்காரர் ஊசிக்குச் சரியான ஜோடி. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் தன் நிம்மதியைப் பறிக்க வந்தவராகப் பார்க்கிற ஜாதி.

“கோ ஆட்டம் கத்துக்க புத்தகம் இருக்கா?”

“ரெண்டு இருக்கு. ரெண்டும் விக்காது.”

“எது நல்லது?”

“எதுக்கு உங்களுக்கு?”

“கேள்வி கேக்கறது என் வேலை.”

“விக்கறது என் வேலை. எதுக்குன்னு தெரியாம எதைத் தர்றது? நாலு பேர் முன்னாடி ஆடத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கணும்னா தடியானது. புரியணும்னா மெல்லிசு.”

தடியான புத்தகத்தின் அட்டை பளபளத்தது. ‘புதியவர்களுக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி. மெல்லியது பார்க்க வற்றலாக இருந்தது. படங்கள் குறைவு, விளக்கம் அதிகம்.

“தடியை வாங்குங்க மேடம். படிக்கலைன்னாலும் ஸ்டேஷன்ல தலைக்கு வெச்சுக்கலாம்,” என்றார் ஏட்டு.

ஊசி அதைப் புரட்டக் கை நீட்டியதும் கடைக்காரர் சீறினார். “வாங்கறதா இருந்தா தொடுங்க. போன வாரம் ஒருத்தர் வந்தார். எதுல படம் அதிகம்னு கேட்டார். தடியைக் குடுத்தேன். நின்ன வாக்குலயே ஒரு பக்கத்தைப் போன்ல புடிச்சுட்டு, நல்லா இல்லைன்னு வெச்சுட்டுப் போயிட்டார். இது கடையா, சத்திரமா?”

“மெல்லிசைக் குடுங்க,” என்றார் ஊசி.

ஜீப்பில் உட்கார்ந்து படித்தார். முதல் பாடமே சாவைப் பற்றி. ஒரு காயை ஒட்டிய கோடுகளில் காலி இடம் இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. நடுவில் இருக்கும் காய்க்கு நாலு பக்கமும் அடைபட வேண்டும். பலகையின் ஓரத்தில் மூன்று பக்கம் போதும், மூலையில் இரண்டே போதும். விளிம்புக்கு அப்பால் இடமே கிடையாது. அடைபட்டுச் செத்த காயை உடனே பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்த பக்கத்தில் ஆசிரியர் மற்றப் புத்தகங்களைத் திட்டியிருந்தார். “இடத்தை மிச்சம் பிடிக்கப் பலகையின் ஒரு துண்டை மட்டும் படமாகப் போடுவார்கள். படத்தில் தடித்த கோடு வந்தால் அது பலகையின் விளிம்பு என்று பொருள். புதியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. படத்தைப் பார்த்துக் காய்களைத் தோன்றிய இடத்தில் அடுக்கிவிட்டுக் குழம்புகிறார்கள்.”

ஊசி தன் போனிலிருந்த படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். ஏட்டுக்குப் பகீரென்றது.

அவர் மறுபடி கடைக்குள் போனார். “அந்தத் தடியையும் குடுங்க. கடையைப் பூட்டிட்டு எங்ககூட வாங்க.”

“நான் எதுக்கு வரணும்?”

“ஓசியில படம் புடிச்சவரை உங்ககிட்ட காட்டறேன்.”

கடைக்காரர் அதற்குள் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மாலை நாலரை. ஓய்வறையில் மனைவி சுவரோரம் நின்றார். தம்பி நாற்காலியில். உதவியாளர் பெண் கதவருகே. கடைக்காரரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். தம்பி அடிக்கொருதரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பஸ் வர்ற நேரம். நான் போய்ப் புள்ளையைக் கூட்டிட்டு வந்துடறேனே.”

“போகலாம். ஒரு சந்தேகம். இந்த மூணு கறுப்பும் செத்ததுன்னு சொன்னீங்க இல்லையா?”

“ஆமா. ஆட்டம் தெரிஞ்ச யாரும் சொல்வாங்க.”

“எனக்கு ஆட்டம் தெரிஞ்சு ஒரு நாள்கூட ஆகலை. கொஞ்சம் காட்டுங்க. மேல அடைச்சிருக்கு. வலப்பக்கம் அடைச்சிருக்கு. கீழ?”

தம்பி பலகையைப் பார்த்தார்.

“இடப்பக்கம்?”

தம்பி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“கீழ மூணு இடம், இடப்பக்கம் ஒண்ணு. எல்லாம் காலி. மூணு காயும் உயிரோடதான் இருக்கு டாக்டர். செத்திருந்தா பலகையிலயே இருந்திருக்காது, எடுத்திருப்பாங்க.”

“காலையில இருந்த மனநிலையில ஏதோ தப்பா...”

“தப்பா எண்ணலாம். ஒத்துக்கறேன். ஆனா இதே ஏழு காய் இன்னொரு இடத்துலயும் இருக்கு. அங்க நிஜமாவே செத்துக்கிடக்கு.”

ஊசி தடியான புத்தகத்தை விரித்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று கறுப்பு, மேலே மூன்று வெள்ளை, வலக்கோடியில் ஒரு வெள்ளை. இடப்பக்கமும் கீழேயும் தடித்த கோடு. படத்தின் கீழே ஒரே வரி: ‘மூன்று கறுப்பும் செத்தன.’

“இது பலகையோட மூலை. இந்தத் தடிச்ச கோடு விளிம்பு. அதைத் தாண்டி மூச்சு விட இடம் இல்லை, அதனால சாவு. நீங்க இதை நட்டநடுவுல அடுக்கிட்டீங்க. பலகையைப் பார்த்துப் பேசறவன் இதைச் செத்ததுன்னு சொல்லமாட்டான். படத்துக்குக் கீழ இருக்கற வரியை மனப்பாடம் பண்ணினவன்தான் சொல்வான். நேத்து உங்க அண்ணி கீழ வரலை. நீங்கதான் டீ கொண்டுவந்தீங்க. அவர் போனதும் காயை அடுக்கி, ரெண்டாவது கோப்பையை எதிர்ல வெச்சீங்க. அவரோட ஆட உட்கார்றது அவங்க ஒருத்தர்தான், பழி தானா அங்க போய்ச் சேரும்னு கணக்கு.”

“அண்ணியே அந்தப் புஸ்தகத்தைப் பார்த்து அடுக்கியிருக்கலாமே.”

“வருஷக்கணக்கா ஆடறவங்களுக்கு விளிம்பு எதுன்னு தெரியாதா? உங்க போனைக் குடுங்க.”

தம்பியின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஏட்டு கடைக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

“இவரேதான்,” என்றார் கடைக்காரர், வாழ்நாளில் முதல்முறையாகத் திருப்தியோடு. “படம் அதிகமா இருக்கறதைக் கேட்டு வாங்கிப் போன்ல புடிச்சுட்டுப் போனவர்.”

தம்பி எழுந்தார். உதவியாளர் பெண் பயந்து கதவை விட்டு விலகினாள். ஆனால் அவர் ஓடவில்லை. அண்ணன் செத்துக்கிடந்த நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

“ஒரு பல்லு. ஒரே ஒரு பல்லு. அதுக்காக என்னைக் கருவி கழுவ வெச்சான். இன்னும் எத்தனை நாள் கழுவணும்?”

ஏட்டு அவர் தோளைப் பிடித்தார். போன் அவர் பையில்தான் இருந்தது. புத்தகப் பக்கத்தின் படம் அதில் இல்லை, அழித்திருந்தார். அழித்ததை மீட்க ஸ்டேஷனில் ஆள் உண்டு என்று ஊசி சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி மெல்ல வந்து பலகையின் முன்னால் நின்றார்.

“எங்களுக்குள்ள வாயைத் திறந்தா சண்டைதான். அதனாலதான் ஆடினோம். ஆடும்போது பேச வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்தார். அதைத் தேடிப் பிடிச்சுக் கொலைக்குச் சாட்சியா வெச்சிருக்கான், பாருங்க.”

இரண்டு நாளாக இறுகியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அழுதபடியே ஏழு காய்களையும் கையால் வாரித் தள்ளினார். சாட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்று சொல்ல ஏட்டு வாயெடுத்தார். ஊசி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“காலையில உங்ககிட்ட நாங்க பேசின விதத்துக்கு...” என்று ஊசி ஆரம்பித்தார்.

“வேணாம். உங்க மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வாசல்ல ஜீப் நிக்குது. என் பொண்ணு அதைப் பார்த்து விஷயத்தைத் தெரிஞ்சுக்கக் கூடாது. நான்தான் சொல்லணும். முதல்ல அதை எடுங்க.”

தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தம்பியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, டிரைவருக்குக்கூடக் காத்திராமல் ஊசி தானே ஓடிப்போய் ஜீப்பை எடுத்தார்.