பழைய விரல்

அம்மாவின் பெயருக்கு நேரே கம்ப்யூட்டரில் இந்த மாத வருகை போட வினோதா உட்கார்ந்தாள். யாரோ முந்தியே போட்டிருந்தார்கள்.

தேயிலைத் தோட்ட ஆபீசில் அவளைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரைத் தொட ஆளில்லை. அம்மா ராக்காயி போன வருடமே ராகலையில் சித்தி வீட்டில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரியும். ஆபீசுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாளாவது வருகை விழுந்தால்தான் பெயர் நிற்கும், பெயர் நின்றால்தான் லயத்தில் குடியிருக்க அந்த ஒற்றை அறை, காம்பரா. பாட்டன் காலத்திலிருந்து கொழுந்து பறித்த குடும்பத்துக்கு, படுத்த படுக்கையான அப்பாவைக் கிடத்த ஒரு மூலை சொந்தமில்லை.

"இந்த லினக்ஸ் சரியான பழசு, வினோதா," என்றார் சர்வரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த மயூரதன். "இதுக்கு மேலயே புதுசைப் போட்டா உள்ள கிடக்கிற குப்பையும் சேர்ந்து வரும். முழுக்க அழிச்சுப்போட்டுப் போடுவம். ஆக்கள் திரும்ப மெஷினில விரல் ரேகை வைக்கட்டும்."

"அழிக்க வேணாங்க சேர். அப்கிரேட் மட்டும் பண்ணுங்க."

"ஏன்?"

"அழிக்கிறதுன்னா ஒங்களுக்கெல்லாம் அவ்வளவு லேசு!"

கத்தியே விட்டாள். அவர் அப்கிரேடை ஓடவிட்டு, தலவாக்கலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்தது. கதவிடுக்கில் மூடுபனி நுழைந்து தரையில் படர, தகரக் கூரையில் நீர் சொட்ட, சர்வரின் விசிறி இழுத்து இழுத்து மூச்சு விட, ஃபெக்டரியிலிருந்து வரும் வாடிய கொழுந்தின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் வந்தது. புதிதாய்த் தோண்டிய மண்.

விசிறி நின்றது. திரையில் எழுத்து வந்தது.

'கையால் போட்ட வருகை செல்லாது. இந்த மாதம் விரல் வைக்காத பெயர்கள் இன்றோடு நீக்கப்படும்.'

கீழே ஒரே பெயர். ராக்காயி.

"பாவிங்களா!" மேசையை ஓங்கி அறைந்தாள்.

வெளியே வராந்தாவில் விரல் வைக்கும் மெஷின் பேசியது.

"மறுபடி வையுங்கள்."

யாருமில்லையே.

"மறுபடி வையுங்கள்."

கதவைத் திறந்தாள். மண் வாசனை முகத்தில் அடித்தது.

இடுப்பில் கொழுந்து பறிக்கையில் கட்டும் படங்குச் சாக்கு. முதுகில் கூடை. அம்மா. பெருவிரல் நுனியில் தோல் இல்லை. அழுத்தினாள். மறுபடி. மறுபடி.

"பேர வெட்டிரு புள்ள," என்றாள் திரும்பாமலே. "கால் கடுக்குது. மாசா மாசம் பேர் போட்டுக் கூப்புடுற. இந்த மாசம் நானே முந்தி வந்து போட்டேன்."

வினோதாவுக்குப் பயம்தான். பயத்துக்கு மேலே ஆத்திரம். தோட்டத்தை நடத்தும் துரை மேல், தோட்டத்தின் மேல், செத்துத் தப்பித்துக்கொண்ட அம்மாவின் மேல்.

"அப்பாவ எங்கம்மா போடுறது? ரோட்டுலயா?"

அம்மா மறுபடி விரலை அழுத்தினாள்.

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர். ஈரம். விரலை மெஷினின் கண்ணாடியில் வைத்தாள்.

"நல்லா அழுத்தும்மா."

அழுத்தினாள். ஏதோ முறிந்தது.

"நன்றி," என்றது மெஷின்.

வராந்தா காலி. வினோதாவின் கையில் பெருவிரல் மட்டும்.

அடுத்த மாதமும் வேண்டும். அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.

லேஞ்சிக்குள் அது இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.