உலக உருண்டையால் ஒரே அடி!

"ஐயோ... டாக்டர்!"

செயலாளர் ஃப்ரேனி போட்ட அலறலில், ஜூரிக் ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியே கிடுகிடுத்தது.

டாக்டர் லீனுஸ் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த உலக உருண்டை!

வாசலில் திருதிருவென விழித்தபடி சியோனே. பசிபிக் கடலில் கடுகாய்க் கிடக்கும் தௌலாகா தீவின் அரசு அதிகாரி.

கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ரெகுலா வந்துவிட்டாள்.

"ஒன்பது மணிக்கு இவரோட சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன் மேடம்! உலகமயமாதல் எந்த நாட்டை எவ்வளவு தொட்டிருக்குன்னு பட்டியல் போடறாங்களாம்... அதுல எங்களுக்குக் கடைசி இடம்! எங்க ஜனம் பாதி ஆக்லாந்துல. தட்டுல நியூஸிலாந்து டின் கறி. எவனோ விட்ட புகைக்கு எங்க அப்பா கல்லறை கடலுக்குள்ள போயிடுச்சு. இதுக்கு மேல உலகம் எங்களை எங்கய்யா தொடணும்னு கேட்டேன்!"

"அதுக்கு அவர்?"

"'பட்டியல்ல உங்க தீவுக்குப் போட்டிருக்கற எண்ணெல்லாம் பொய். இன்னிக்கே வெளியே சொல்லிடறேன்'னாரு. கை குலுக்கிட்டுக் கீழே போயிட்டேன். ஒன்பதரைக்குக் குடையை எடுக்க வந்தா... இப்படி!"

இயக்குநர் ஹூர்லிமான் டையைச் சரிசெய்துகொண்டே சிரித்தார்.

"பர்கர் கடைக்கும் எங்க பட்டியல்ல மதிப்பெண் உண்டு. இவங்க ஊர்ல ஒண்ணுகூட இல்ல. அந்த ஆத்திரம்! விலங்கை மாட்டுங்க மேடம்."

சியோனே கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அந்நிய ஊர் ஜெயிலில் களி தின்னவா இவ்வளவு தூரம் வந்தான்?

"நீங்க எங்க இருந்தீங்க சார்?" ரெகுலா திரும்பினாள்.

"என் அறையில. ஃப்ரேனி எழுதியே குடுத்திருக்கா."

ரெகுலா காகிதத்தைப் படித்தாள். ஒன்பது மணி... அறையில். ஒன்பதே கால்... அறையில். ஒன்பதரை... அறையில்.

"ஒன்பதே காலுக்கு இவரைக் கண்ணால பார்த்தீங்களா ஃப்ரேனி?"

"இல்ல மேடம். கதவைத் தட்டித் திறந்தேன். அறை காலி."

"காலியா! அப்புறம் ஏன் இருந்தார்னு எழுதினீங்க?"

"முன்னாடியும் இருந்தாரு, பின்னாடியும் இருந்தாரே! நடுவுல காலியா இருந்தா, ரெண்டு பக்கமும் பார்த்து நிரப்பிடணும்னு சார்தானே சொல்லிக் குடுத்தாரு? தௌலாகா எண்களையே பதினோரு வருஷமா இப்படித்தான் ஏதோ பார்த்து நிரப்பறோம்!"

ஹூர்லிமானின் முகம் வெளிறியது.

"அடி முண்டமே!"

"ஓஹோ... லீனுஸ் அதைத்தான் வெளியே சொல்லப் போனாரா?"

"இருபது வருஷ உழைப்பு மேடம்! ஒரு சுண்டைக்காய்த் தீவுக்காக என் மானத்தை வாங்கப் பார்த்தான்... அதான்..."

உளறிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் விலங்கு மாட்டியாகிவிட்டது.

சியோனே நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"மேடம், உங்க ஜெயில்ல எத்தனை நாட்டு ஆளுங்க இருப்பாங்க?"

"ஒரு நாற்பது நாடு இருக்கும். ஏன்?"

"பாவம், இத்தனை வருஷம் தனியா அறையில உட்கார்ந்து உலகத்தை அளந்தாரு. இனிமே உலகமே பக்கத்துக் கட்டில்ல படுத்துக் குறட்டை விடும்... ஆற அமர அளக்கட்டும்!"